சிலிண்டரில் வந்த குளிர்

முதலில் இதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குளிர் என்பது வெளியூரில் விளைகிற ஒரு சரக்கு என்று இருபத்தேழு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். நெல் நம் பக்கத்தில் விளைகிறது, மிளகு மலையில் விளைகிறது. அதுபோலக் குளிரும் எங்கோ ஊட்டிப் பக்கத்திலோ ஐரோப்பாவிலோ விளைகிறது. அதை இரும்புச் சிலிண்டரில் அடைத்து, மூடியை இறுக்கித் திருகி, ரயிலில் ஏற்றி விடுகிறார்கள். இங்கே திறந்துவிட்டால் தண்ணீர் ஐஸ் ஆகிவிடுகிறது. இதுதான் என் விஞ்ஞானம். நான் காரைக்கால் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் பிரவே பரீட்சை தேறியவன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். படிக்காத ஆள் இதை நம்பியிருந்தால் அதில் என்ன வேடிக்கை இருக்கிறது?

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன மறு வருஷம் அது. மேரியில், அதாவது எங்கள் ஊர் நகரசபை ஆபீஸில், எனக்கென்று ஒரு நாற்காலி காத்திருப்பதாக நினைத்திருந்தேன். நாற்காலி காத்திருந்தது உண்மைதான். அதில் உட்கார இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் வந்துவிட்டார். என் பிரெஞ்சு ஒரே நாளில் பழைய காலண்டர் மாதிரி ஆயிற்று. கிழித்துப் போடவும் மனசில்லை, மாட்டி வைக்கவும் சுவரில்லை.

சுவரில்லை என்று சொன்னது வெறும் பேச்சுக்கு அல்ல. கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் தலத்தெருவில் மாமனார் வீட்டில்தான் இருந்தேன். மாமனார் நல்ல மனிதர், நாக்குதான் சரியில்லை. காலையில் இலை போட்டதும் ஆரம்பிப்பார்.

“மாப்ளக்கி இன்னும் ரெண்டு இட்லி வையிம்மா. அலஞ்சி திரிஞ்சி களைச்சிப் போயிருப்பாரு, கொல்லைக்கும் வாசலுக்கும்.”

என் மனைவி இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறவள் இல்லை. அப்பாவிடம் எதிர்த்துப் பேசவில்லை. வேறொரு காரியம் செய்தாள். கோவில்பத்தில் இரண்டு அறையும் ஒரு முருங்கை மரமும் உள்ள வீடு ஒன்றைப் பார்த்து, வீட்டுக்காரரிடம் பேசி வைத்தாள். மறுநாள் கடைத்தெருவுக்குப் போய்ப் பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றை வாங்கி வந்தாள். வீடு வரவில்லை, பூட்டு வந்துவிட்டது. அது தலைமாட்டுப் பிறையில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு தினமும் என்னைப் பார்த்தது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு முதலாளி ஐஸ் பாக்டரி கட்ட ஆரம்பித்தார். சைகோனில் இருபது வருஷம் ஜவுளி வியாபாரம் செய்துவிட்டு ஊர் திரும்பிய மரைக்காயர் அவர். மீன் கெடாமல் இருக்கத்தான் பாக்டரி என்று அவர் ஊரிடம் சொன்னார். சைகோனில் ஐஸ் போட்டுக் குடித்துப் பழகிய சர்பத்தை இங்கே வெதுவெதுப்பாகக் குடிக்க முடியாமல்தான் பாக்டரி என்று ஊர் அவரிடம் சொல்லாமல் தனக்குள் சொல்லிக்கொண்டது. புதுச்சேரியில் மூடிய ஒரு பிரெஞ்சுக் கம்பெனியின் மெஷினை வாங்கி வந்திருந்தார். மெஷினோடு ஒரு தடிப் புத்தகமும் வந்தது. அது பிரெஞ்சில் இருந்தது. அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டதும் நான் சைக்கிளை மிதித்த மிதியில் செயின் கழன்றது.

முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“தம்பி, புஸ்தகத்தப் படிக்கிறது மட்டும் வேல இல்ல. கோயமுத்தூர்லேர்ந்து பிட்டர் ஒருத்தர் வாராரு. நாலு மாசம் இருப்பாரு. அவரு கெளம்பறதுக்குள்ள மெஷின நீங்க தனியா ஓட்டிக் காட்டணும். காட்டுனா வேல ஒங்களுக்கு. இல்லாட்டி வேற ஆளு. சரிங்களா?”

“சரிங்க மொதலாளி,” என்றேன். மனசில் பூட்டு ஒரு முறை மின்னியது.

அந்தப் புத்தகத்தை ராப்பகலாகப் படித்தேன். ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. ஒரு வாக்கியம்கூடப் புரியவில்லை.

பிட்டர் வந்தார். எனக்குப் பாடம் சொல்ல வந்தவர் நரைத்த மீசையோடு இருப்பார் என்று நினைத்திருந்தேன். வந்தவருக்கு மீசையே சரியாக அரும்பவில்லை. என்னைவிட நாலு வயது சின்னவர். ஆனாலும் வாத்தியார் ஆயிற்றே என்று நான் அவரை ‘சார்’ என்றேன். வயதில் பெரியவன் ஆயிற்றே என்று அவர் என்னை ‘அண்ணா’ என்றார். இரும்பு, நெருப்பு, கேஸ் எதற்கும் பயப்படாத மனிதர். ஆனால் கருவாட்டு வாசம் வந்தால் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு சுவரைப் பிடித்து நிற்பார். எங்கள் ஊரில் அது அவருக்கு வருஷம் முழுக்க வேலை கொடுக்கக்கூடிய வியாதி.

அவரோடு நாலு சிலிண்டர்களும் ரயிலில் வந்தன. ஸ்டேஷனில் மாட்டு வண்டியில் ஏற்றும்போது ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் கிடந்து கொதித்தது. நான் அசரவில்லை. பானை வெளியில் சுட்டாலும் உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருப்பதில்லையா? குளிர் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

“சார், இந்தக் குளிரு எந்த ஊருலேர்ந்து வருது?” என்று கேட்டேன்.

பிட்டர் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் அன்றைக்கே திருந்தியிருப்பேன்.

“அண்ணா, உள்ள இருக்கறது அம்மோனியா. குளிருன்னு தனியா ஒண்ணு கெடையாதுங்க. தண்ணீல இருக்கற சூட்டை இது எடுத்துட்டுப் போயி வெளிய கொட்டுது. அவ்வளவுதானுங்க.”

“ஓகோ,” என்றேன். தலை ஒப்புக்கொண்டது. வயிறு ஒப்புக்கொள்ளவில்லை. வயிற்றுக்குள் என் பழைய விஞ்ஞானம் சம்மணம் போட்டு உட்கார்ந்தே இருந்தது. அது என்ன சொல்லிற்று என்றால், நாலு சிலிண்டர் குளிர் ஒரே சமயத்தில் வெளியே வந்துவிட்டால் காரைக்கால் என்ன ஆகும்? கடைத்தெருவில் தராசைத் தூக்கியவன் தூக்கியபடியே விறைத்து நிற்பான். இதை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கலாம். மாமனாரிடம் சொன்னேன். அவர் முகத்தில் முதல்முறையாக என்மேல் கொஞ்சம் மரியாதை தெரிந்தது. மருமகன் ஆபத்தான வேலைக்குப் போகிறான் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டார்.

என் விஞ்ஞானத்துக்குச் சாட்சியும் கிடைத்தது. மெஷினை ஓடவிட்ட மூன்றாம் நாள், கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் குழாயின்மேல் வெள்ளையாக உறைபனி படிந்தது. சித்திரை வெயில் வெளியே தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருக்க, உள்ளே இரும்புக் குழாய்க்கு நரை விழுந்திருந்தது. பிட்டர் அந்தப் பக்கம் திரும்பியிருந்தார். அது இனிக்குமா, கரிக்குமா என்று பார்க்கும் எண்ணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. நாக்கை நீட்டி வைத்தேன். ஒட்டிக்கொண்டது.

குழாயோடு நாக்கு ஒட்டிக்கொண்டவன் உதவிக்குக் கூப்பிட முடியாது என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நான் குழாயைக் கையால் தட்டினேன். பிட்டர் திரும்பிப் பார்த்து, தன் டீ கிளாஸைக் கொண்டுவந்து ஆறிய டீயை மெல்ல ஊற்றினார். நாக்கு வந்தது. மேல்தோல் கொஞ்சம் மெஷினோடு தங்கிவிட்டது.

அன்றிரவு சாப்பிடும்போது மாமனார் கேட்டார்: “ஏன் மாப்ள, இன்னிக்கி ஒரு மாதிரியா பேசுறீங்க?”

“ஒண்ணுமில்ல மாமா,” என்றேன். அது “ஒந்துமில்ல” என்று வந்தது. மனைவி இலைக்கு எதிரே தலையைக் குனிந்துகொண்டாள். தோள் மட்டும் குலுங்கிற்று.

பாடம் என்று பார்த்தால் இரண்டே பாடம்தான் பிட்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். மற்றதெல்லாம் பார்த்துப் பழகியது.

முதல் பாடம் கசிவைக் கண்டுபிடிப்பது. அம்மோனியா கண்ணை எரிக்கும், மூக்கில் ஊசி குத்தும். ஆனால் அவர், “மூக்கை நம்பாதீங்க. திரியை நம்புங்க,” என்பார். கந்தகத்தில் தோய்த்த திரி ஒன்றைக் கொளுத்தி, குழாய் மூட்டு ஒவ்வொன்றின் அருகிலும் காட்டிக்கொண்டே போக வேண்டும். எங்கே அம்மோனியா கசிகிறதோ அங்கே அந்தப் புகை பால்போலக் கெட்டியான வெள்ளையாகும். வாசனையும் வந்து வெள்ளைப் புகையும் கண்டால் சந்தேகமே இல்லை, கசிவுதான்.

இரண்டாம் பாடம் கசிந்தால் என்ன செய்வது. கேஸ் வந்தால் கண்ணைத் திறக்க முடியாது. ஆகையால் கண்ணை மூடிக்கொண்டே மெஷினை நிறுத்தப் பழக வேண்டும். என் துண்டாலேயே என் கண்ணைக் கட்டிவிட்டு, அறை நடுவில் என்னை மூன்று சுற்றுச் சுற்றிவிடுவார். நான் தடவித் தடவிப் போய், எஞ்சினின் எண்ணெயை அடைக்கும் கைப்பிடியை இழுக்க வேண்டும். பிறகு கம்ப்ரசரின் இரண்டு பக்கத்து வால்வுகள். பிறகு கேஸ் தேங்கி நிற்கும் தொட்டியின் வால்வு. பிறகு கதவு. ஒவ்வொன்றைத் தொடும்போதும் அதன் பெயரைக் கத்திச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் செல்லாது.

“எஞ்சின்! சக்‌ஷன்! டெலிவரி! ரிசீவர்! கதவு!”

நாளைக்கு இருபது தடவை. வெளியே ஐஸுக்குக் காத்திருக்கும் வண்டிக்காரர்கள் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

“டேய், அய்யிரு மந்தரத்த ஆரம்பிச்சிட்டாருடா.”

“தாலி எப்பங்க கட்டுவீங்க?”

“பொண்ணு யாரு, அந்த எஞ்சினா? நல்ல வாட்டசாட்டம்தான்!”

நான் கண்கட்டோடு அவர்கள் பக்கம் திரும்பி ஆசீர்வாதம் செய்வேன். பாதி நாள் அது சுவருக்குப் போய்ச் சேர்ந்தது.

எல்லாம் முடிந்ததும் ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு வெளியே ஓட வேண்டும் என்று பிட்டர் சொன்னார். “அம்மோனியாவுக்குத் தண்ணின்னா உசுருங்க. தண்ணியைப் பாத்தா அதுல போயி கரைஞ்சிரும், நம்மகிட்ட வராது.” இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என் வயிறு உடனே ஒப்புக்கொண்டது.

நாலாம் மாசம் முடியப் போகிற வெள்ளிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்குப் பிட்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“அண்ணா, இன்னிக்கு ஆறு மணி வரைக்கும் நீங்களே பாருங்க. நான் மொதலாளி வீட்டுக்குப் போறேன். ஆறு மணிக்கு அவரோட வருவேன். தொட்டியில இருக்கற ஐஸு ஆறு மணிக்கு முழுசா எறங்கணும். எறங்குச்சுன்னா வேலை உங்களுக்கு.”

“எறங்கலன்னா?”

“எறங்கும்ங்க.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாக்கை மட்டும் நீட்டாதீங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதுவரை எனக்குக் காலை முறைதான். பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவேன், அன்றைக்குத்தான் பிட்டர் நிறுத்தி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாக்டரியில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாது. அது தெரிந்திருந்தால் இதை எழுதுகிற வேலை மிச்சமாகியிருக்கும்.

அன்றைக்குக் கடலில் நல்ல மீன்பாடு. வண்டிகள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்துவிட்டன. மேற்கு ஜன்னலுக்கு அடியில் எட்டு வண்டி, பதினாறு மாடு. மீன்கூடைகளை ஈரச்சாக்கால் மூடிப்போட்டு, ஆறு மணி ஐஸுக்காக வண்டிக்காரர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். ஐஸ் வைத்துக் கட்டி, ராத்திரி ரயிலில் மீனை ஏற்ற வேண்டும். நான் உள்ளே ராஜாபோல உலாத்தினேன். எஞ்சின் சீராக ஓடிற்று. மீட்டர் முள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. கோவில்பத்து முருங்கை மரத்தில் எத்தனை காய் காய்க்கும் என்றுகூட ஒரு கணக்குப் போட்டேன்.

ஐந்து மணி இருக்கும். மூக்கில் ஏதோ குத்திற்று.

இழுத்துப் பார்த்தேன். கண் கரித்தது. இன்னொரு முறை இழுத்தேன். சந்தேகமில்லை, அதே ஊசி. மூக்கை நம்பாதே, திரியை நம்பு. எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு தீக்குச்சியை வீணாக்கி ஐந்தாவதில் திரியைக் கொளுத்தினேன். கந்தகப் புகை என் முகத்திலேயே அடித்து, மிச்சமிருந்த பார்வையையும் பாதியாக்கிற்று. ஒவ்வொரு மூட்டாகக் காட்டிக்கொண்டு போனேன். முதல் மூட்டு, ஒன்றுமில்லை. இரண்டாவது, ஒன்றுமில்லை. கம்ப்ரசரைச் சுற்றிக்கொண்டு ரிசீவர் தொட்டிப் பக்கம் திரும்பினேன்.

தொட்டிக்குப் பின்னாலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி வந்தது. கொஞ்சநஞ்சமில்லை. பால்போல, பஞ்சுபோல, சுருள் சுருளாக, பிட்டர் சொன்ன அதே கெட்டியான வெள்ளை. அதோடு அந்தப் புகைக்குள்ளிருந்து ஒரு குரலும் தாழ்ந்து முணுமுணுத்தது. கேஸ் பேசும் என்று பயிற்சியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அதன்பிறகு என்ன செய்தேன் என்பது எனக்கு ஞாபகமில்லை. இதைப் பணிவுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே ஞாபகமில்லை. அடுத்து எனக்கு நினைவிருப்பது, ரோட்டில் நான் ஓடிக்கொண்டிருப்பது. முகத்தில் ஈரத்துண்டு. என் வலதுகையில் இன்னொருவருடைய கை. தொண்டை என்னுடையது, ஆனால் அதில் வந்த சத்தம் எனக்குப் புதிது.

“கேஸு! கேஸு! ஓடியாங்க! ஆத்துல எறங்குங்க! வெறைச்சிப் போயிடுவீங்க! எல்லாரும் வெறைச்சிடுவீங்க!”

நூறு அடியில் அரசலாறு. நான் இறங்கினேன். என் கையில் சிக்கியிருந்தவரும் வேறு வழியில்லாமல் இறங்கினார். எட்டு வண்டிக்காரர்களும் மாட்டை விட்டுவிட்டு இறங்கினார்கள். சைக்கிளில் போன ஒருவர் ஒரு காலை ஊன்றி நின்று, “எங்க, என்னா?” என்று கேட்டார். “ஐஸ் பாக்டரி வெடிச்சிது! ஊரே வெறைக்கப் போவுது!” என்று வண்டிக்காரர் ஒருவர் கத்தினார். சைக்கிள்காரர் தலத்தெருப் பக்கம் மிதித்தார்.

கழுத்தளவுத் தண்ணீரில் நின்றேன் என்று வெகுநாள் எல்லாரிடமும் சொல்லிவந்தேன். கழுத்தளவு என்பது உண்மை. நின்றேன் என்பதுதான் பொய். அந்த இடத்தில் முழங்கால் தண்ணீர்தான், நான் உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் பக்கத்தில் பார்த்தேன். என்னோடு இழுபட்டு வந்தவர் ஒரு பெரியவர். பச்சைத் தலைப்பாகை, நீளச் சட்டை. தண்ணீரில் இடுப்பு வரை நனைந்திருந்தார். தலைக்குமேல் இரண்டு கையாலும் ஒரு தகரச் சட்டியைத் தூக்கிப் பிடித்திருந்தார். கடைத்தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சாம்பிராணி பாவா. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்ததும் கடை கடையாகப் போய் கல்லாவுக்கும் தராசுக்கும் சாம்பிராணி போடுகிறவர்.

“தம்பி,” என்றார் நிதானமாக, “எதுக்கு இப்ப ஓடியாந்தோம்?”

“கேஸு பாவா. வெள்ளப் பொக. என் கண்ணால பாத்தேன்.”

“எங்கன பாத்தீங்க?”

“அந்தத் தொட்டிக்குப் பின்னால. கெட்டியா, பஞ்சு மாதிரி.”

பாவா சட்டியைக் கொஞ்சம் கீழே இறக்கி, உள்ளே பார்த்தார். கங்கு அணையாமல் இருந்தது. ஒரு சுருள் எழுந்தது. கெட்டியாக, பஞ்சு மாதிரி.

“அது நாந்தான் தம்பி.”

ஒரு வண்டிக்காரர் தும்மினார்.

“மொதலாளி சொல்லியிருந்தாக, மெஷினுக்கும் போடுங்க பாவான்னு. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அந்தக் கோயமுத்தூருத் தம்பி வாசல்லயே நிப்பாட்டி, மேசைக்கிப் போடச் சொல்லி அனுப்பிரும். இன்னிக்கி வாசல்ல ஆளு இல்ல. சரி, நாமளே உள்ள போயி முழுசாப் போட்டுருவோமுன்னு போனேன். நல்லா இருக்கட்டுமேன்னு துஆ ஓதிக்கிட்டு இருந்தேன். நீங்க வந்து கைய புடிச்சி இழுத்தீங்க. தம்பி ஏதோ அவசரமா கூப்புடுதேன்னு வந்தேன்.”

நான் விடவில்லை. விட்டால் என் கதி என்ன? “பொக சரி பாவா. அப்ப அந்த வாசன? கண்ணு எரிஞ்சிதே, மூக்கக் குத்துச்சே?”

தும்மிய வண்டிக்காரர் திரும்பினார். “எந்த வாசனங்க?”

“ஜன்னப் பக்கம். மூக்குல ஊசி குத்துற மாதிரி.”

“பதினாறு மாடு மத்தியானத்துலேர்ந்து அந்த ஜன்னலுக்குக் கீழ நிக்கிது. தண்ணி காட்டிக் காட்டி நிக்க வச்சிருக்கோம். வேற எப்புடிங்க இருக்கும்?”

முதலில் சிரித்தது பாவா. பிறகு எட்டு வண்டிக்காரர்களும் சிரித்தார்கள். ஒருவர் சிரிப்புத் தாங்காமல் தண்ணீரிலேயே சாய்ந்துவிட்டார். கரையில் பதினாறு மாடுகள், ஓட வேண்டிய அவசியம் எதையும் காணாமல், நின்ற இடத்திலேயே அசைபோட்டுக்கொண்டிருந்தன.

அந்தச் சமயத்தில்தான் பிட்டரும் முதலாளியும் கரையில் வந்து நின்றார்கள். பிட்டர் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏனுங்ண்ணா, குளிக்கிறீங்களா?”

பாவாவே எழுந்து எல்லாவற்றையும் சொன்னார். பிட்டர் கேட்டுவிட்டு நேராக உள்ளே போனார். நாங்களும் தண்ணீர் சொட்டச் சொட்டப் பின்னால் போனோம். அவர் புதிதாக ஒரு திரியைக் கொளுத்தி, மூட்டு மூட்டாக, ஒன்றுவிடாமல் காட்டிக்கொண்டு போனார். எங்கும் புகை வெளுக்கவில்லை. எஞ்சின் நின்றிருந்தது.

முதலாளி ஐஸ் தொட்டியின் பலகையைத் தூக்கி ஒரு டின்னை எடுக்கச் சொன்னார். பாளம் வந்தது, சுற்றிலும் ஐஸ், நடுவில் தண்ணீர் தளதளத்தது. மணி ஆறு.

“வண்டிக்கு என்னா பதில் சொல்றது?” என்றார் முதலாளி. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பிட்டர் பக்கம் திரும்பி, “இவர வச்சி நான் பாக்டரி நடத்துறதா? வெள்ளிக்கெழமக்கி வெள்ளிக்கெழம ஊர ஆத்துல எறக்குறதா? சொல்லுங்க,” என்றார்.

எனக்குப் பூட்டு ஞாபகம் வந்தது. அதை எடுத்த கடையில் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று யோசித்தேன்.

பிட்டர் எஞ்சினைக் கிளப்புவதற்காகக் கம்ப்ரசர் பக்கம் போய், வால்வில் கை வைத்துத் திருப்பினார். திரும்பவில்லை. இரண்டு கையாலும் திருப்பினார். பிறகு ஸ்பானரை எடுத்துவந்து போட்டார். அடுத்த வால்வும் அப்படியே. தொட்டி வால்வும் அப்படியே. கடைசியில் எஞ்சின் கைப்பிடியைப் பார்த்தார். அதுவும் முழுசாக இழுத்து விடப்பட்டிருந்தது.

“இதெல்லாம் யாருங்க மூடினது?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பிட்டரைப் பார்த்தேன். “தெரியாது சார்,” என்றேன். அதைவிட உண்மையான வார்த்தை என் வாயிலிருந்து அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

“தெரியாதா?” என்றார் பாவா. “தம்பிதான் மூடிச்சி. கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, ஒவ்வொண்ணா தடவித் தடவித் திருகிச்சி. திருகையில ஒவ்வொண்ணு பேரையும் சத்தம்போட்டுச் சொல்லிச்சி. எஞ்சினுன்னு சொல்லி ஒரு அழுக. இன்னொரு பேரச் சொல்லி ஒரு அழுக. நான் என்னமோ இதுவும் ஓதுறதுதான் போலன்னு பேசாம நின்னேன். கதவுன்னு சொல்லி அழுதுட்டுதான் எங் கையப் புடிச்சிச்சி.”

ஜன்னலிலிருந்து ஒரு வண்டிக்காரர், “மந்தரத்த மறக்கலையே அய்யிரு!” என்றார்.

பிட்டர் ஸ்பானரைக் கீழே வைத்தார். “மொதலாளி, கேஸ் நெசமாவே வந்திருந்தாலும், மூணு வால்வும் அடைச்சிருந்துச்சு. கூட இருந்த ஆளும் வெளிய வந்துட்டாரு. நான் இருந்தாலும் இதைத்தான் பண்ணியிருப்பேன். அழுதிருக்க மாட்டேன்.”

முதலாளி ஐஸ் டின்னைத் திரும்பத் தொட்டிக்குள் இறக்கச் சொன்னார்.

“பாவா, இனிமே மேசையோட நிறுத்திக்கிங்க. வண்டியெல்லாம் கெழக்குப் பக்கம் நிக்கட்டும்,” என்றார். பிறகு என்னிடம், “தம்பி, துணிய மாத்திக்கிட்டு வந்து எஞ்சினக் கெளப்புங்க. மீனு காத்துக்கிட்டிருக்கு.”

ஏழரைக்கு ஐஸ் இறங்கியது. வண்டிகள் ஸ்டேஷனுக்கு ஓடின. கடைசி வண்டி போய்ச் சேர்ந்தபோது கார்டு விசிலை வாயில் வைத்துவிட்டாராம், மீன் ஏறிவிட்டது.

நான் தலத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்தபோது, சைக்கிள்காரர் எனக்கு முன்னால் செய்தியைச் சேர்த்திருந்தது தெரிந்தது. மாமனார் கொல்லையில், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். தலையில் ஈரத்துண்டு. பற்கள் தந்தியடித்தன.

“மாப்ள, வந்துட்டீங்களா? ஊரு எவ்வளவு தூரத்துக்கு வெறைச்சிருக்கு?”

“மாமா, நீங்க மட்டுந்தான்,” என்றேன்.

என் மனைவி சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள். அப்பாவையும் பார்த்தாள், நனைந்த என்னையும் பார்த்தாள். அவள் கேட்டது ஒன்றுதான்.

“வேல இருக்கா, இல்லையா?”

நடந்தது இவ்வளவுதான். அன்றைக்கு அம்மோனியா ஒரு துளிகூடக் கசியவில்லை. மாட்டு மூத்திரம் நாறிற்று, சாம்பிராணி புகைந்தது, எஞ்சின் ஒரு மணி நேரத்துக்குமேல் நின்றது. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அதை நான் தனியாகக் கிளப்பினேன். அந்த மாசக் கடைசியில் கோவில்பத்து வீட்டு வாசலில் என் மனைவி பூட்டை மாட்டினாள்.